மூன்று தடவை

வீட்டைப் பூட்டியதும் அம்மா பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மனநல மருத்துவத் தேர்வன்று காலையில், கோமதியைப் பேருந்து ஏற்றிவிடக் கிளம்பியவள் ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"என்னம்மா, அவ்வளவுதானா?"

"போதும்டி. வீட்டை யாரு தூக்கிட்டுப் போயிரப் போறா?" அம்மா சிரித்தாள். மகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பேருந்தில் உட்கார்ந்ததும், கடைசியாக ஒருமுறை புரட்டலாமென்று கோமதி புத்தகத்தை விரித்தாள். செய்ததையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் நோயைப் பற்றிய பக்கம் தானாகத் திறந்துகொண்டது. மறக்காமலிருக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்: 'அம்மா மாதிரி. பூட்டு, மூணு தடவை.' அதன்மேல் மஞ்சள்தூள் விரல்தடம் ஒன்று புதிதாகப் பதிந்திருந்தது. அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் அம்மாவால் வாசிக்க முடிந்த ஒரே வரி அதுதான்.

கோமதிக்குக் காதுமடல் சுட்டது. வண்டி நகர்ந்தபோது நிமிர்ந்து பார்க்க முடியாமல் ஓரக்கண்ணால் வெளியே பார்த்தாள். அம்மா கையசைக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லையென்று நினைத்து, சாவி முடிந்திருந்த முந்தானையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.