ஒரே நாளில் எல்லா ஊசியும்

"ஒரே நாள்ல இத்தனையும் குத்துறதுக்கு இதென்ன ஆடா, பஞ்சு மெத்தையா?"

பட்டியின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடமாகிறது. ஆனாலும் குரல் இன்னும் கடைசி சீட் வரைக்கும் கேட்கும்.

கால்நடை டாக்டரம்மா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். "சார், நான் ஒரு தடுப்பூசி மட்டும் போட்டுட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். உங்க வீட்டுக்காரம்மாதான் போன் பண்ணி எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னாங்க."

"ஆமா, நான்தான் சொன்னேன்." பட்டிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, அம்மை, மூணுக்கும் தடுப்பூசி. வயித்துப் பூச்சிக்கு மருந்து. உண்ணிக்கு ஊசி. எல்லாம் இன்னைக்கே முடியணும்."

ஆடுகள் அவளுடையவை. அவர் பஸ்ஸில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு பெட்டைக் குட்டிகளை வாங்கி ஆரம்பித்து, பட்டி கொள்ளாத அளவுக்குப் பெருக்கியிருந்தாள். கண்டக்டருக்கு அவற்றைத் திரும்பிப் பார்க்கவே ஓய்வுக்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது.

"நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா," கண்டக்டர் குரலைத் தழைத்தார். "நமக்கு ஒரு ஊசி போட்டாலே கையைத் தூக்க முடியல. இதுங்க வாயில்லா ஜீவன். வலிக்குதுன்னு சொல்லத் தெரியுமா?"

டாக்டரம்மாவுக்கு மனசு இளகியது. ஆட்டுக்கு வலிக்குமே என்று கவலைப்படுகிற ஆளை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"தெம்பா இருக்கிற ஆடுங்க தாங்கும் சார். மருந்துகளை ஒண்ணாக் கலக்காம, வேற வேற இடத்துல போடணும். கொஞ்சம் சோர்ந்து படுக்கும், அவ்வளவுதான். ஆனா ரெண்டு தடவையாப் பிரிச்சுப் போட்டா இன்னும் நல்லது."

"கேட்டியா? டாக்டரே சொல்றாங்க. இன்னைக்கு விட்டுடு. அடுத்த வாரம் நானே ஒவ்வொண்ணாப் பிடிச்சுத் தர்றேன்."

"அடுத்த வாரம் பார்க்கிறேன்னு நீங்க சொன்ன தண்ணித்தொட்டி இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள் மனைவி. "டாக்டரம்மா, ஒவ்வொரு தடவையும் விரட்டிப் பிடிச்சா, அந்த மிரட்சியிலேயே இதுங்களுக்குப் பாதி உசுரு போயிடும். ஒரு தடவை பிடிச்சோமா, எல்லாத்தையும் முடிச்சோமா, விட்டோமான்னு இருக்கணும். நீங்க ஆரம்பிங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. டாக்டரம்மா சிரிஞ்சை எடுத்தார்.

மனைவி ஒவ்வொரு ஆடாக இழுத்து, முழங்கால்களுக்கு நடுவில் அணைத்துப் பிடித்தாள். வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று, தொடையின் உட்பக்கம் ஒன்று. பிறகு உண்ணி ஊசி. கடைசியில் கடைவாயில் குழாயைச் செருகிப் பூச்சிமருந்து. முடிந்ததும் முதுகில் நீலச் சாயத்தால் ஒரு கோடு. ஆடு தலையை உதறிக்கொண்டு அவமானப்பட்ட மாதிரி ஓரமாய்ப் போய் நின்றது.

ஒவ்வொரு குத்துக்கும் கண்டக்டர்தான் "ஐயோ" என்றார். நடுவில் ஒரு கிடா நழுவி அவர் கால்களுக்கிடையில் புகுந்து ஓடியது. பிடிக்கக் கையைக்கூட நீட்டவில்லை.

"போகட்டும் விடு, பாவம்! பயந்துபோயிருக்கு."

மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துரத்திப் போய், கிடாவைக் கொம்போடு இழுத்து வந்தாள். அதற்கும் எல்லா ஊசியும் போட்டாயிற்று.

"தடுப்பூசி போடுங்க, வேண்டாங்கல. அந்த உண்ணி ஊசியையும் பூச்சிமருந்தையுமாவது விட்டுடலாமே?" கண்டக்டர் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். "சரி, இந்தச் செவலைங்க நாலையுமாவது விடுங்க. எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு பாருங்க! இதுக்கெல்லாம் எதுக்கு மருந்து?"

"ஒண்ணு விடாம போடுங்க," என்றாள் மனைவி.

கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டிக்கு வெளியே போய் நின்று போனை எடுப்பதும், தெருவைப் பார்ப்பதும், பையில் போடுவதுமாக இருந்தார்.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா," என்று மெல்லச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி இளகின மனசு யாருக்கும் வராது. நீங்க கொஞ்சம் அவர் பேச்சையும் காதுல வாங்கலாம்."

"வாங்காமலா? அவர் பேசுற எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றபடி அடுத்த ஆட்டை இழுத்தாள் அவள்.

வெயில் இறங்கும்போது கடைசிக் குட்டியின் முதுகிலும் நீலக்கோடு விழுந்தது. டாக்டரம்மா குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"முக்கியமான விஷயம் ஒண்ணு சொல்லணும், மருந்தைப் பத்தி..." என்று அவர் ஆரம்பிக்கவும், வாசலில் லாரி ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

லாரியிலிருந்து குதித்து வந்தவர் கறிக்கடைக்காரர். "என்னண்ணே, மொத்தப் பட்டியையும் ஏத்திடலாமா? நாளைக்குக் காலையில வெட்டுக்கு ஆர்டர் குவிஞ்சு கிடக்கு!"

"வெட்டுக்கா?" டாக்டரம்மா ஈரக்கையோடு நிமிர்ந்தார். "இப்பதானே மருந்து உள்ள போயிருக்கு! ஒரு மாசத்துக்கு மேல இந்த ஆடுங்களைக் கறிக்குக் கொடுக்கவே கூடாது!"

கறிக்கடைக்காரர் நீலக்கோடுகளைப் பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தரையைப் பார்த்தார்.

மனைவி பட்டிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

"நேத்து இவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு என் ஆடுகளை விலை பேசினது வெளிய நல்லாவே கேட்டுச்சு டாக்டரம்மா. அதுக்கப்புறம்தான் நான் உங்களுக்குப் போன் பண்ணினேன்."