வராத மெயில்

"இன்னிக்கும் வரலம்மா" என்றாள் மகள், ஸ்கூட்டர் சாவியைக்கூட மாட்டாமல்.

"ஸ்பேம்ல பார்த்தியாடி?"

"பார்த்துட்டேன். ஒருத்தன் வழுக்கையில முடி வளர்த்துத் தரேங்கிறான். காலேஜ்லேர்ந்து ஒண்ணுமில்ல."

"சரி, ஃபில்டரை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கிறேன்" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு கம்பெனியின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பது அம்மாவின் பிழைப்பு. வீட்டு மெயிலுக்கும் அலமாரி மேல் ஒரு சின்ன சர்வர் வைத்திருந்தாள். அவளைக் கேட்காமல் அதற்குள் ஒரு ஈகூட நுழைய முடியாது. இப்போது மகளுக்காகத் தளர்த்தித் தளர்த்தி, லாட்டரி விழுந்ததாக வாழ்த்துகிறவர்கள் எல்லோரும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

காலேஜ் மெயில் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? அது எப்போதோ வந்து, அம்மா மட்டும் பார்க்கக்கூடிய ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது.

முதலில் பிடித்து வைத்தது அவளல்ல, ஃபில்டர்தான். மெயில் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் ஹெடர் வரிகளில் அனுப்பியவர் காலேஜ் என்று இருந்தது. அனுப்பிய சர்வரோ வேறு யாருடையதோ. சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது. வேறு மெயில் என்றால் அம்மா ஒரே தட்டில் அனுப்பியிருப்பாள். இதைப் படித்துத் தொலைத்தாள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, கடல் கடந்து போக வேண்டும். இருப்பது ஒரே பெண். கணவர் போன பிறகு இந்த வீட்டில் அவளோடு வாயாட வேறு ஆள் கிடையாது. நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

"விடும்மா. நாளையோட சேர்றதுக்குக் கடைசித் தேதி முடியுது. எனக்குக் குடுத்து வைக்கல போல."

மகள் அழவில்லை. மேசையிலிருந்த அம்மாவின் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

பெற்ற பிள்ளைக்கே குழி தோண்டுகிறோமே என்று அம்மாவுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஃபோல்டரைத் திறந்தாள். மெயில் என்றைக்கு வந்தது, எவ்வளவு நாள் நின்றது என்று காட்டிக்கொடுக்கிற ஹெடர் வரிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து நீக்கிவிட்டு, மகளுக்கு அனுப்பினாள்.

"இங்க வாடி. ஏதோ வந்திருக்கு பாரு."

மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போனை எடுத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"போன வாரமே காலேஜுக்கு போன் பண்ணிட்டேன்மா. 'உங்க சர்வர் மெயிலை அன்னிக்கே வாங்கிக்கிச்சே'ன்னாங்க. சேர்றேன்னு சொல்லிட்டேன்."

அம்மா திரும்பி மகள் முகத்தைப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குடி தினமும் வரல வரலன்னே?"

"நீயா எடுத்துக் குடுக்காம பெட்டி கட்ட மனசு வரலம்மா."