எதுவும் நடக்காத ஊர்

கறிக்கடைக் கூண்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோழிதான் மிச்சம். கூட இருந்தவை எல்லாம் காலையிலேயே கத்திக்குப் போய்விட்டன. அது நடுங்குவதைப் பார்த்த சுவர்ப் பல்லிக்கு மனசு கேட்கவில்லை.

“கழுகை ஜெயிச்ச சேவல் கதை சொல்லட்டுமா?” என்றது.

“வேண்டாம் அக்கா. சண்டையும் ரத்தமும் இங்கேயே இருக்கு. எதுவுமே நடக்காத ஊர்க் கதை சொல்லுங்க.”

பல்லி அந்தச் சுவரை விட்டு எங்கும் போனதில்லை. ஆனாலும் சொன்னது. “ஒரு சின்ன ஊர். இப்பத்தான் மழை விட்டிருக்கு. தையற்கடை மரகதம் வாசல் தண்ணியைத் தள்ளிவிடுறா. பக்கத்துல ஒரு கோழி ஈரமண்ணைக் கிளறுது.”

“அதை யாரும் பிடிக்கலையா?”

“யாரும் பிடிக்கலை. அது பாட்டுக்குக் கிளறுது.”

கோழியின் நடுக்கம் அடங்கியது. “மெதுவாச் சொல்லுங்க அக்கா.”

அதற்குள் கூண்டுக் கதவு திறந்தது. கடைக்காரர் அதன் காலைப் பிடித்துத் தூக்கினார்.

“அப்புறம் அக்கா?” என்றது கோழி, தலைகீழாகத் தொங்கியபடி.

“வெயில் வந்துச்சு, மரகதம் டீ போட்டா, சாயங்காலம் ஆச்சு...” பல்லி மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனது. கேட்க ஆளில்லை என்று தெரிய வெகுநேரமாயிற்று.

மதியம் வண்டியில் புதுக் கோழிகள் வந்து இறங்கின. “இங்க யாராவது இருக்கீங்களா?” என்று ஒன்று கேட்டது.

பல்லி சுவர்ப் பொந்துக்குள் புகுந்து, மூச்சுக்கூட விடாமல் கிடந்தது.