ஆளுக்கொரு குடை

"என் கதையைத் திருடிட்டாங்க."

கையில் போனோடு சமையலறைக்கு ஓடிவந்தாள் அவள். பொருளைப் பறிகொடுத்தவர் யாரும் இப்படி வாயெல்லாம் பல்லாக ஓடிவந்திருக்க மாட்டார்கள்.

ஜன்னலோரம் நின்று வலது ஆள்காட்டி விரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து விரல் வலிக்கிறதாம்.

"எந்தக் கதை?" என்றார் நிமிராமல்.

"குடைக் கதை. ரெண்டாவது பத்தியில குறட்டை விட்டீங்களே, அது."

எழுத்தைக் காப்பாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. காப்புரிமை பற்றி யார் இணையத்தில் பேசினாலும் முதல் ஆளாகப் போய்க் கேட்பாள். அவளுடைய வலைப்பக்கத்தில் கதையைவிட எச்சரிக்கை நீளம். எழுதிய தேதிக்குச் சாட்சி வேண்டுமென்று தனக்குத் தானே மெயில் அனுப்பிக்கொள்வாள். தன் வரிகளை எவனாவது சுட்டிருக்கிறானா என்று தினமும் காலையில் வலை முழுக்கத் தேடுவாள். எல்லாம் சரி, வாசகரே வராத இடத்துக்குத் திருடன் மட்டும் எப்படி வருவான்?

நன்றாக இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னாலும், மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடுவாள். போன மாதம் மனசு விட்டுப்போய், குடைக் கதைதான் கடைசி, இனி எழுதுவதில்லை என்று லேப்டாப்பைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். தேடுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்தக் கடைசிக் கதை மூன்றே பேருக்குப் போனது. வக்கீல் தோழிக்கு, நாத்தனாருக்கு, கடனே என்று கணவருக்கு. அவர் 'சரி' என்று ஒரு பதில் போடவே ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகிற ரகம். நகல் எடுக்க முடியாதபடி ஃபைலுக்குப் பூட்டும் போட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.

இப்போது அது ஒரு பெரிய கதைத் தளத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர் பெயர் 'நாலாவது மாடி'.

"கீழ பாருங்க, எத்தனை பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தர் இதைப் படிச்சு பஸ்ல அழுதாராம். இறங்க வேண்டிய இடத்தையே விட்டுட்டாராம்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் தழுதழுத்தது. பிறகுதான் நினைவு வந்து கோபத்தை வரவழைத்துக்கொண்டாள். "திருட்டு ராஸ்கல். ஆமா, உங்க தங்கச்சி எத்தனாவது மாடியில இருக்கா?"

தைல டப்பா கை நழுவிக் கீழே உருண்டது.

"சேச்சே, அவ அப்படிச் செய்ய மாட்டா."

"நாலாவது மாடிதானே?"

அதற்குள் வக்கீல் தோழிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். தோழி பதறவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடி, தேதி போட்ட மெயிலைப் பத்திரமாக வை, தளத்துக்குப் புகார் எழுது, தூக்கிவிடுவார்கள் என்றாள். பிறகு கேட்டாள், "நான் சொன்ன தந்திரத்தைச் செஞ்சியா?"

"செய்யாம இருப்பேனா? மூணு பிரதியிலும் கதாநாயகி கடைசியில விரிக்கிற குடை வேற வேற கலர். உனக்குக் கறுப்பு, நாத்தனாருக்குச் சிவப்பு, இவருக்குப் பச்சை. எந்தக் குடை வெளிய வந்திருக்கோ அவங்கதான் திருடங்க."

"ஆளுக்கொரு குடையா?" என்றார் கணவர். திடீரென்று அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஷூவைத் தேடிப் போனார்.

"சிவப்பு மட்டும் இருக்கட்டும், இன்னியோட உங்க தங்கச்சிக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது" என்று சொல்லிக்கொண்டே கடைசிப் பகுதிக்குப் போய் உரக்கப் படித்தாள். மழை வந்தது. பேருந்து போய்விட்டது. கதாநாயகி மெல்லத் தன் பச்சை...

படிப்பு நின்றது. வாசலில் ஷூ மாட்டுகிற சத்தமும் நின்றது.

அவள் வாசலுக்கு வந்தாள். "நீங்கதான் என் கதையைப் படிக்கவே மாட்டீங்களே."

"நீ படிச்சுக் காட்டினாத்தான் தூக்கம் வருது. நானே படிச்சா வரல." ஒரு காலில் ஷூவோடு நின்றார் கணவர். "நாங்க சொன்னா மரியாதைக்குன்னு சொல்லிடுவ. முன்னப் பின்னத் தெரியாதவங்க சொன்னா நம்புவேன்னு நினைச்சேன். நீதான் தினமும் தேடுவியே, எப்படியும் கண்ணுல படும். அப்புறம் உன் பேருக்கு மாத்திடலாம்னு இருந்தேன்."

"அது என்ன நாலாவது மாடி?"

"அந்தத் தளம் பேர் என்னன்னு கேட்டுச்சு. அப்ப நான் பார்க்கப் போன லிஃப்ட் அங்கதான் மாட்டிக்கிட்டு நின்னுச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது.

"சரி, நான்தான் பூட்டுப் போட்டிருந்தேனே, எப்படி நகல் எடுத்தீங்க?"

கணவர் வலது கையை மெதுவாகப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் அதை வெளியே இழுத்துப் பார்த்தாள். தைல வாசனை குப்பென்று அடித்தது.

ஸ்பீக்கரில் தோழி பொறுமை இழந்துகொண்டிருந்தாள். "திருடன் சிக்கினானா? நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்டி. லேப்டாப்பை இறக்கப் போறேன். அடுத்த கதையைப் பூட்டுப் போடாமலே அனுப்பிடறேன். முழுக் கதையையும் ஒத்த விரலால டைப் பண்ணி, திருடனுக்கு விரல் வீங்கிக் கிடக்கு."