லோடு கம்மிதான்

"பின்னாடி ஸ்பிரிங் பிளேட்டுல ரெண்டைக் கழட்டிடுங்கண்ணே. வண்டி குலுங்கவே கூடாது. இன்னிக்கே வேணும்."

குரலைக் கேட்டதும் மெக்கானிக் சுப்புராயன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. பிச்சைமுத்து! கல்வராயன் மலையில் காய்ச்சும் சாராயத்தை லாரி ட்யூபில் அடைத்து, காரில் போட்டுக் கீழே இறக்குகிறவன்.

இவன் இறக்கிய சரக்கைக் குடித்துத்தான் சுப்புராயனின் மகன் தமிழரசன் போன வருஷம் நுரை தள்ளிச் செத்தான். மகள் செந்தமிழ்ச்செல்வி அதற்கு முன்பே இவன் தம்பியைக் கட்டிக்கொண்டு மலைமேல் கரியாலூருக்கு ஓடிப்போனவள். அண்ணன் எழவுக்கு அழுதுகொண்டு வந்தவளைக்கூட வாசலோடு துரத்திவிட்டார் சுப்புராயன். அவள் பேரை எடுத்தவனை வெட்டுவேன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருந்தார்.

"என் ஷெட்டுல ஏற உனக்கு இன்னா தைரியம்டா? வேற எவன்கிட்டயாவது போ."

"எல்லாரும் ஷெட்டைச் சாத்திக்கினு மறியலுக்குப் போயிட்டாங்கண்ணே. உங்க கால்ல விழறேன்." நிஜமாகவே விழுந்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு விடிந்தால் சாலை மறியல். ஒரு வாரத்துக்கு ஒரு சக்கரம் ஓடாது என்று கள்ளக்குறிச்சி முழுக்க அதே பேச்சு. அதற்குள் ஒரு லோடு இறக்கிவிடத் துடிக்கிறான் பாவி என்று சுப்புராயனுக்குப் புரிந்தது.

சாராய வண்டிக்குப் பாரம் தாங்க எல்லோரும் ஸ்பிரிங் பிளேட்டைக் கூடுதலாகத்தான் போடுவார்கள். வெறும் வண்டியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் போலீஸ் மடக்கும். இவன் கழற்றச் சொல்கிறான் என்றால், குடும்பம் போகிற கார் மாதிரி காட்டி ஏய்க்கப் பார்க்கிறான். கில்லாடிப் பயல்!

"ரெண்டு பிளேட்டு போனா லோடு தாங்காதேடா?"

"லோடு கம்மிதாண்ணே" என்றான் பிச்சைமுத்து, தலையைக் குனிந்துகொண்டு. "காலையில கீழ இறங்கிடணும்."

சுப்புராயன் குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

அது பழைய அம்பாசிடர். பட்டாள லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஊதலை அதில் பூட்டியிருந்தான். இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான். அது வீல் வீலென்று கத்துவது அரை மைலுக்குக் கேட்கும். ஊதல் கார் என்றால் மலையில் தெரியாத ஆள் கிடையாது.

ஊதலின் பெல்ட் தொய்ந்துபோய், வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சுப்புராயன் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக்கை மாற்றி, பிளேட் இரண்டை உருவி, புது ஷாக் அப்சார்பரும் போட்டுவிட்டார். ஒரு குறை வைக்கவில்லை. ஏறினால்தானே இறங்கும்? இறங்கினால்தானே மாட்டும்?

கார் மலைக்குக் கிளம்பியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் போனார். மறியல் பையன்களுக்குத் தலைவன் கொளஞ்சியப்பன் கோடாலிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.

"மலை ரோட்டுல மரத்தைத் தள்ளணும்டா."

"அதை மட்டும் வுட்டுடலாம்னு பேசி வெச்சிருக்கோம் சித்தப்பா. கடை கண்ணி, ஆஸ்பத்திரின்னு மேல இருக்கறவங்களுக்கு அது ஒண்ணுதான வழி?"

"சாராயம் வருதுடா! தமிழரசனைக் கொன்னவன் வரான். செத்தவன் உன் கூட்டாளிதான? என் புள்ளைக்காக ஒரு மரம் வெட்ட மாட்டியா?"

கொளஞ்சியப்பன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

பொழுது விடிந்தபோது, அடிவாரத்து வளைவில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பத்துப் பேர் சேர்ந்து வெட்டினாலும் வழி விட மத்தியானம் ஆகிவிடும். சுப்புராயன் மரத்துக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஊதல் சத்தம் கேட்டது. ஆனால் பறந்து வரவேண்டிய கார் வளைவுக்கு வளைவு தயங்கித் தயங்கி, நத்தை மாதிரி இறங்கி வந்தது. லோடு கம்மி என்றானே, வயிறு முட்ட ஏற்றியிருக்கிறான் திருட்டுப் பயல் என்று பல்லைக் கடித்தார் சுப்புராயன்.

கார் நின்றது. பிச்சைமுத்து இறங்கி மரத்தைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். "ஐயையோ! எந்தப் பாவிடா இந்த வேலையச் செஞ்சது? நவுத்துங்கடா! சீக்கிரம் நவுத்துங்கடா!"

"நான்தாண்டா! இத்தோட ஒழிஞ்சடா நீ. தொற டிக்கிய!"

"அண்ணே..." என்றான் பிச்சைமுத்து. டிக்கிப் பக்கம் போகாமல் பின்கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று அழுதான்.

பின்சீட்டில், பிச்சைமுத்து பெண்டாட்டி காசியம்மாள் மடியில் தலையை வைத்து, நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் செந்தமிழ்ச்செல்வி. சீட்டெல்லாம் ரத்தம். மெல்லக் கண்ணைத் திறந்தவள், எதிரே நின்ற அப்பாவைப் பார்த்ததும் அந்த வலியிலும் சிரித்தாள்.

"என்னிய இட்டுக்கினு போக நீயே வந்துட்டியாப்பா?"