சுப்பராயலு வீட்டுக் கூடத்தில் ஒரு சொட்டு

மேற்குத் தாம்பரத்தில் சித்திரை வெயில் கொளுத்துகிறது. வீடு வாங்க வந்த ஞானஜோதி டீச்சர் கூடத்தின் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு பளிச்சென்றிருக்கிறது. ஒரு கறைகூட இல்லை. “கீறது கீறபடி வாங்கிக்கணும் டீச்சர். ஆனா எப்படிக் கீதுன்னு பாத்துட்டு வாங்குங்க,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் சுப்பராயலு, அறுபது வயதில், தோளில் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறுகிறார். இது நான்காவது குடம். சுடும் மொட்டைமாடித் தளத்தில் தண்ணீர் சளாரென்று விழும் ஓசை கேட்கிறது; ஈரச் சுண்ணாம்பு வாசனை ஜன்னல் வழியே இறங்குகிறது. தூரத்தில் மின்சார ரயில் கூவி அடங்குகிறது. இந்த மாதம் அவள் பார்த்த மூன்று வீடுகளிலும் விரிசல்மேல் காலண்டர் தொங்கியது. இங்கே, அவர் மனைவி கங்கையம்மாள் நசுங்கிய அலுமினியக் குண்டான் ஒன்றைக் கொண்டுவந்து, மேலே பார்க்காமலே தரையில் வைத்து, காலால் அரையடி நகர்த்துகிறாள். வெள்ளைக் கூரையில் சாம்பல் நிறமாக ஒரு வட்டம் மெல்ல மலர்கிறது. டங்கென்று முதல் சொட்டு குண்டானின் நட்டநடுவில் விழுகிறது. “வருதா?” என்று மேலிருந்து குரல். “வருது, எறங்கி வா!” டீச்சருக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. “இந்த வீட்டையே எடுத்துக்கறோம்மா,” என்கிறாள். கங்கையம்மாள் குண்டானைப் பார்க்கிறாள். “அப்ப இத்தயும் வூட்டோட வச்சிக்குங்க டீச்சரம்மா. இதுக்கு எடம் தெரியும்.”