இருபதுக்கு இருபது

மூன்றாவது கோப்பைக்குப் பக்கத்தில் தட்டு காலியாக இருந்தது.

வீட்டுக்காரர் தட்டையே பார்த்தார்.

இறால் இல்லை. முறுக்கு இல்லை. ஒரு முந்திரிகூட இல்லை.

எதிரே கஸ்பார் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது வீட்டுக்காரருடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ரசமும் வெந்நீரும் ஒன்று. சாம்பிராணி வெறும் புகை. பர்கண்டி ஒயின் நாக்கில் கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான்.

வெளியே மூச்சு விடவில்லை. விட்டால் புதுச்சேரியில் அவர் எப்படித் தலைகாட்டுவது? ஞாயிறு மத்தியானம் சொந்தக் கூடத்தில் உட்கார்ந்து, காகிதம் சுற்றிய பாட்டிலை முகர்ந்தே பொம்மாரா வொல்னேயா என்று ஒயின் விளைந்த ஊரின் பேர் சொல்கிற மனுஷர். இருபதுக்கு மதிப்பெண் போடுவார், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. பதினாறைத் தாண்டியதில்லை. தாண்டினால் சொத்து கரைந்துவிடும் போல.

நீதிபதி மாதிரி அவர் உட்காரும் அந்தக் கைவைத்த நாற்காலிமேல் கஸ்பாருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மனைவி அமலோற்பவம் ஒரு சொட்டுத் தொடமாட்டாள். அதனால்தான் பாட்டில்களை அவளிடம் கொடுத்துச் சுற்றச் சொல்வது. நடுநிலையாம்.

அந்த நடுநிலை அம்மாள் சனிக்கிழமைகளில் வெங்காயம் உரித்துக்கொண்டே சுவரிடம் சொல்வாள்.

“பொம்மாருக்கு இறாலு. வொல்னேக்கு முறுக்கு. மட்டமான சரக்குக்கு முந்திரி போதும்.”

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

சுவருக்கும் பேப்பருக்கும் நடுவே அந்தக் குடும்பத்தின் மானம் இத்தனை மாதம் ஓடியது.

இன்றைக்கும் முதல் கோப்பைக்கு முறுக்கு வந்தது. முகர்ந்தார். கண்ணை மூடினார். “வொல்னே” என்றார். மாடி வீட்டு டாக்டர் திருமுடி தொடையைத் தட்டினார். இரண்டாவதற்கு இறால். அதுவும் ஆயிற்று.

மூன்றாவதைக் கஸ்பார் தன் வீட்டிலேயே சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். காகிதம்கூட இல்லை. பழைய காலுறை.

“மதாமுக்கு எதுக்கு சிரமம்?” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

உள்ளே என்ன சரக்கு என்று அமலோற்பவத்துக்குத் தெரியாது. அதனால் காலித் தட்டு. பொய் சொல்லக்கூட ஒரு முறுக்கு வைக்கவில்லை. அடுப்பில் இறாலைப் போட்டுவிட்டு வந்து, அடுப்படி வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா முசியே, யோசிக்கிறீங்க?” என்றார் கஸ்பார்.

டாக்டர் கோப்பையை வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீதிபதியின் முகத்தைப் பார்க்காமல் அவர் எதையும் ரசித்தது கிடையாது.

வேறு வழியில்லை. கோப்பையைச் சுழற்றினார். வழக்கமான நாடகம். மூக்கை உள்ளே விட்டார்.

ஈரச் சாக்கு.

கோப்பையை எடுத்துவிட்டார்.

மறுபடி விட்டார்.

ஈரச் சாக்கு. அடைமழைக்குப் பிறகு திறந்த அலமாரி. நனைந்த அட்டைப்பெட்டி. மாதா கோயிலின் பின்கதவு, பாசி, பூஞ்சை.

கெட்டுப்போன கார்க்கின் நாற்றம். நாற்றமேதான். முன்பெல்லாம் என்றால் ‘வாசலில் கொட்டு, வாசலும் வேண்டாம்’ என்றிருப்பார்.

அவர் இன்னொரு முறை முகர்ந்தார். குழந்தையின் தலையை முகர்கிற மாதிரி.

கண் நிறைந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றார்.

கஸ்பார் ஊற்றினார். கை தாராளமாக இருந்தது.

“எத்தினி போடலாம்?”

“இருபது.”

“இருபதுக்கா?”

“இருபதுக்கு இருபது.”

டாக்டர் அவசரமாக ஒரு வாய் குடித்து, “ஆகா, ரோஜாப்பூ” என்றார்.

கஸ்பார் காலாட்டுவதை நிறுத்தினார். பாட்டிலிலிருந்து காலுறையை உருவி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை ஞாயிறுகள் காத்திருந்தவருக்கு அவசரமே இல்லை.

“நேத்தே தொறந்து பாத்துட்டேன் முசியே. கெட்டுப்போன பாட்டிலு. வேணும்னேதான் மூடி எடுத்தாந்தேன். ஒரே ஈரச் சாக்கு நாத்தம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியல, இல்ல?”

டாக்டர் ரோஜாப்பூவை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

அடுப்படி வாசலில் முந்தானை இறுகியது.

“ஆமா, சாக்கு” என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. “ஈரச் சாக்கேதான் கஸ்பார். நல்லாயிருப்பீங்க.”

எழுந்து கஸ்பாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தோற்றவன் இப்படிக் கை குலுக்குவான் என்று கஸ்பார் எதிர்பார்க்கவில்லை. கையை உருவிக்கொள்ளவும் தெரியவில்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. போய் உட்காரத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் தலையை உயர்த்தினார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். அந்த அறையின் மற்ற மூக்குகள் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

“அமலு,” என்றார், “உள்ள இறாலு தீயுது.”

அவள் அடுப்பைப் பார்த்து ஓடவில்லை.

நின்ற இடத்திலேயே நின்றாள்.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள்.